‘எல்லாம் சேர்த்து’ வெப்சைட் பாக்கேஜ்: டொமைன் மட்டும் சேரவில்லை

இந்தப் பாக்கேஜுக்கு நான் போடுகிற மார்க் ஐந்துக்கு ஒன்றரை. ஒன்று வெப்சைட்டின் அழகுக்கு, அரை அதைச் செய்து தந்த தம்பி கடைசி வரைக்கும் என்னை ‘அக்கா’ என்றே கூப்பிட்டதற்கு.

நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. போட்டால் அவருக்குத்தான் விளம்பரம். அதோடு இதே மாதிரி செய்கிறவர்கள் எல்லா டவுனிலும் இருக்கிறார்கள், ஒருவரைப் பிடித்துத் திட்டி என்ன ஆகப்போகிறது. சேவையைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நாங்கள் ஹப்புத்தளைப் பக்கம் சின்னதாக ஒரு தேயிலைக் கடை வைத்திருக்கிறோம். லிப்டன் சீட் பார்க்கப் போகிற வெள்ளைக்காரர்கள் திரும்பி வரும்போது த்ரீவீலை நிறுத்தி, ஒரு கோப்பை குடித்துவிட்டு, இருநூறு கிராம் பக்கற் இரண்டு வாங்கிக்கொண்டு போவார்கள். கடைக்கு எங்கள் அப்பாயியின் பெயர். நாற்பது வருஷம் கொழுந்து எடுத்த மனுஷிக்குச் செக்ரோலில் (தோட்டத்து வரவுப் பதிவேடு) ஒரு பேர், அடையாள அட்டையில் ஒரு பேர், ஈ.பி.எஃப் (சேமலாப நிதி) தாளில் இன்னொரு பேர். கிளாக்கர் ஐயா காதில் எது விழுந்ததோ அதுதான் எழுத்து. அந்தப் பணத்தை எடுக்க, மூன்று பேரும் ஒருத்திதான் என்று சத்தியக் கடதாசி முடிக்க அப்பா அலைந்த அலைச்சல் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்தக் கோபத்தில்தான் கடைப் போர்டில் அப்பாயி பெயரைச் சரியான எழுத்தில், பெரிதாக எழுத வைத்தேன். அதே பெயரைக் கடைசியில் இன்னொருவர் அக்கவுண்டுக்குள் போய்த் தேட வேண்டி வரும் என்று யார் கண்டது.

2021இல் ஊரடங்கு, சுற்றுலாப் பயணிகள் இல்லை, பக்கற்றுகள் றாக்கையில் அப்படியே இருந்தன. தபாலில் அனுப்பலாம் என்று யோசித்தபோதுதான் இந்தப் பாக்கேஜ் பேஸ்புக்கில் கண்ணில் பட்டது. டொமைன் (வெப்சைட்டின் முகவரிப் பெயர்), ஹோஸ்டிங் (வெப்சைட்டை வைத்திருக்கிற இடம்), ஐந்து பக்கம், கடைப் பெயரில் ஒரு ஈமெயில், எல்லாம் சேர்த்து 48,000 ரூபா. அடுத்த வருஷத்திலிருந்து புதுப்பிக்க 15,000.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தத் தம்பி வேலைக்காரர். படம் எடுக்க வந்த அன்று மூடுபனி, எதிரே இருக்கிற மலையே தெரியவில்லை, ‘பரவாயில்லைக்கா’ என்று போனவர் அடுத்த நாள் காலை ஆறு மணிக்கே வந்து நின்றார். கோப்பையிலிருந்து ஆவி எழும்புகிற ஒரு படம் எடுத்தார், அதைப் பார்த்துவிட்டே ஓடர் போட்டவர்கள் உண்டு. போனில் சட்டென்று திறக்கும். தமிழ்ப் பக்கத்தில் மட்டும் ‘கொழுந்து’ என்ற சொல்லில் கொம்பு ஒரு பக்கம், ‘க’ ஒரு பக்கமாகப் பிரிந்து நின்றது, அதைத் திருத்த மூன்று மாதம் கெஞ்ச வேண்டியிருந்தது. சரி, போகட்டும்.

2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரைக்கும் பாய்ந்த நேரம் புதுப்பிக்கும் காசு 28,000 ஆனது. பெற்றோலுக்கே வரிசையில் நின்ற காலம், கேள்வி கேட்காமல் கட்டினேன். ஒரு .கொம் பெயரைப் புதுப்பிக்க வருஷத்துக்குப் பத்துப் பதினைந்து டொலர்தான் ஆகும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

பிரச்சினை 2024இல். கார்டில் காசு வாங்குகிற வசதி வேண்டும் என்று பண்டாரவளையில் வேறொரு பையனிடம் கேட்டேன். அவன் கேட்ட முதல் கேள்வியே ‘டொமைன் லொகின் இருக்கா மிஸ்?’ இல்லை. பழைய தம்பிக்கு எடுத்தேன்.

‘அதெல்லாம் எங்க அக்கவுண்ட்லதான் இருக்கும்க்கா. எல்லாக் கஸ்டமருக்கும் அப்படித்தான்.’

‘அப்ப அது என் பேர்ல இல்லையா தம்பி?’

‘பேர் உங்கதுதானேக்கா, கடைப் பேர்தானே.’

இந்தப் பதிலில் பொய் எதுவும் இல்லை, அதுதான் இதில் இருக்கிற சாமர்த்தியம்.

டொமைன் யாருக்குச் சொந்தம் என்பதைத் தோட்டத்து ஆட்களுக்கு விளக்குவது சுலபம். எங்களுக்குப் ‘பேர்’ என்றால் ஒரு நாள் கூலி. நீங்கள் வெயிலிலும் மழையிலும் நின்று கூடை நிறையக் கொழுந்து எடுத்திருக்கலாம், செக்ரோலில் பேர் விழவில்லையென்றால் அன்றைக்கு நீங்கள் வேலைக்கு வரவே இல்லை. டொமைனும் அப்படித்தான். காசு யார் கட்டியது, போர்டில் யார் பெயர், பக்கற்றில் என்ன அச்சடித்திருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. டொமைன் பெயர்களைப் பதிந்து கொடுக்கிற பதிவு நிறுவனத்தின் ஏட்டில் ‘பதிந்தவர்’ என்ற இடத்தில் யார் பேர் இருக்கிறதோ அவர்தான் ஆள். யார் பேர் என்று பொதுத் தேடலில் பார்க்கலாம் என்றான் மகன். பார்த்தோம். 2018இல் ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு இந்த விபரங்களில் பெரும்பகுதியை மறைத்துவிடுகிறார்கள், அதனால் எங்களுக்குக் கிடைத்தது பதிவு நிறுவனத்தின் பெயரும், பதிந்த திகதியும், முடிகிற திகதியும் மட்டும்.

பெயரை மாற்றித் தரச் சொன்னேன். ஒன்றரை இலட்சம் கேட்டார். வாட்ஸ்அப்பிலேயே எழுதினார், கூடவே ஒரு கைகூப்பும் பொம்மை. நான் கோபத்தில் இரண்டு வார்த்தை கூடப் பேசிவிட்டேன் (வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று ‘வை போனை, வை போனை’ என்று கையைக் காட்டிக்கொண்டே இருந்தார்). அடுத்த வாரம் எங்கள் முகவரியைத் தட்டினால் அவருடைய இன்னொரு வாடிக்கையாளரின் தேயிலைக் கடை திறந்தது. அந்தக் கடைக்காரருக்குப் பாவம், ஒன்றுமே தெரியாது.

வெளிநாட்டில் இருக்கிற பதிவு நிறுவனத்துக்கு ஈமெயில் போட்டோம். மரியாதையான பதில், ஒரே நாளில். எங்களுக்கு வாடிக்கையாளர் அந்த அக்கவுண்ட்காரர்தான், நீங்கள் நீதிமன்ற உத்தரவோடு வாருங்கள் அல்லது யூ.டி.ஆர்.பி முடிவோடு வாருங்கள் என்றார்கள்.

இந்த யூ.டி.ஆர்.பி என்பதைப் பற்றித்தான் இனி எழுதப் போகிறேன், ஏனென்றால் நான் உண்மையில் வாங்கப் பார்த்து, விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்த சேவை அதுதான்.

பதுளையில் ஒரு சட்டத்தரணி மிஸ்ஸிடம் போனேன். அவர் சொன்னது இது. டொமைன் பெயர்களுக்கெல்லாம் மேலே இருக்கிற ஐகேன் என்ற அமைப்பு, பெயர்ப் பிணக்குகளைத் தீர்க்க 1999இல் கொண்டுவந்த விதிமுறைதான் யூ.டி.ஆர்.பி. .கொம் பெயர் பதிகிற எவரும், படிக்காமல் ‘சம்மதம்’ அமுக்கும்போதே, பெயரைப் பற்றிப் பிணக்கு வந்தால் இந்த விசாரணைக்கு உட்படுகிறேன் என்றும் சேர்த்தே சம்மதிக்கிறார். விசாரிக்கிற இடங்களில் பெரியது ஜெனீவாவில் இருக்கிற வைப்போ, அதாவது உலக நாடுகளின் புலமைச் சொத்து அமைப்பு. ஊரை விட்டு அசையத் தேவையில்லை, எல்லாம் ஈமெயிலில். முறைப்பாடு போனதும் பெயரைப் பூட்டிவிடுவார்கள், அந்தப் பக்கத்துக்காரர் நழுவ முடியாது. பதில் சொல்ல அவருக்கு 20 நாள். பெரும்பாலும் இரண்டு மாதத்தில் முடிவு. நம் ஊர்க் காணி வழக்குகளைப் பார்த்தவளுக்கு இதெல்லாம் கேட்கக் கனவு மாதிரி இருந்தது.

அங்கே வந்த முதல் வழக்கே நல்ல கதை. அமெரிக்க மல்யுத்தக் கம்பெனியான டபிள்யூ.டபிள்யூ.எஃப்பின் முழுப் பெயரை ஒருவர் .கொம்மில் பதிந்துவிட்டு, கொஞ்ச நாளிலேயே அவர்களிடமே 1,000 டொலருக்கு விற்கப் பார்த்தார். 2000 ஜனவரியில் முடிவு, பெயர் கம்பெனிக்குப் போனது. ‘என் ஆளும் இதைத்தானே மிஸ் செய்திருக்கிறார்’ என்று துள்ளினேன்.

மிஸ் துள்ளவில்லை. மூன்று விஷயத்தை நிரூபிக்க வேண்டும், மூன்றும் வேண்டும் என்றார். அந்தப் பெயர் உங்கள் வியாபாரக் குறி, அல்லது அதோடு குழப்பிக்கொள்ளும் அளவுக்கு ஒத்தது. அவருக்கு அந்தப் பெயரில் நியாயமான உரிமை இல்லை. மூன்றாவது, அவர் அதைக் கெட்ட நோக்கத்தோடு பதிந்தார், கெட்ட நோக்கத்தோடு பயன்படுத்தவும் செய்கிறார்.

முதலாவதிலேயே எனக்கு நொண்டியடித்தது. பிரதேச செயலகத்தில் எடுத்த பி.ஆர் என்னிடம் இருக்கிறது, பிரேம் போட்டுக் கடைச் சுவரில் மாட்டியிருக்கிறேன். அது வியாபாரப் பெயர்ப் பதிவு, வியாபாரக் குறி என்பது வேறு, அதற்குக் கொழும்பில் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். நான் செய்யவில்லை. நம் பக்கத்துச் சின்னக் கடைகளில் எத்தனை பேர் செய்திருப்பார்கள்? பதியாத குறிக்கும் உரிமை கேட்கலாம், ஆனால் இந்தப் பெயரைக் கேட்டதும் சனம் உங்களைத்தான் நினைக்கிறது என்று பில், விளம்பரம், பத்திரிகைத் துண்டு எல்லாம் காட்டி நிரூபிக்க வேண்டும். அப்பாயி பெயரோ மலையகத்தில் நாலு லயத்துக்கு ஒருவருக்கு இருக்கிற பெயர்.

இரண்டாவது விஷயத்தில், பெயரில் உரிமை இருக்கிறது என்பதற்காக எப்போதும் பெரியவர் ஜெயிப்பதில்லை என்பதற்கு நிஸான் கதையைச் சொன்னார். அமெரிக்காவில் ஊஸி நிஸான் என்று ஒருவர், குடும்பப் பெயரே நிஸான். 1994இல் தன் கம்ப்யூட்டர் கடைக்காக நிஸான்.கொம்மைப் பதிந்தார். 1999இல் கார் கம்பெனி 10 மில்லியன் டொலர் கேட்டு நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. வருஷக் கணக்காக இழுத்தது, மனுஷன் சொத்தையெல்லாம் வழக்கில் கொட்டினார், ஆனால் பெயரை விடவில்லை. 2020இல் கோவிட்டில் இறக்கும் வரை அது அவரிடம்தான் இருந்தது. எனக்கு என்னவோ இந்தக் கதையைக் கேட்டதும் நான் யார் பக்கம் என்றே மறந்துபோய் அவருக்காகச் சந்தோஷப்பட்டேன்.

மூன்றாவதுதான் உண்மையான சிக்கல். ‘பதிந்தபோதும்’ கெட்ட நோக்கம் இருந்திருக்க வேண்டும். 2021இல் அந்தத் தம்பி பெயரைப் பதிந்தது நான் கேட்டு, நான் காசு கட்டி. அப்போது அவர் மனதில் ஒன்றும் இருந்திருக்காது. ஒன்றரை இலட்சம் கேட்ட அந்த வாட்ஸ்அப் செய்தி நல்ல சாட்சிதான், செலவுக்கு மேலே காசு கேட்டு விற்பதற்காகவே பதிந்திருந்தால் அது கெட்ட நோக்கத்துக்கு அடையாளம் என்று விதியிலேயே இருக்கிறது. ஆனால் விற்பதற்காகவா பதிந்தார்? இந்த மாதிரி வெப்சைட் செய்தவரோடு சண்டை போட்டு வென்றவர்களும் இருக்கிறார்கள், ‘இது உங்கள் இருவருக்கும் இடையிலான ஒப்பந்தச் சண்டை, நீதிமன்றத்துக்குப் போங்கள்’ என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களும் இருக்கிறார்கள். எங்களுக்குள் ஒப்பந்தம் என்று இருந்தது ஒரு மஞ்சள் பில் துண்டு. ‘வெப்சைட் - 1’ என்று எழுதியிருந்தது.

சரி, கட்டணம் எவ்வளவு மிஸ்?

ஒன்று முதல் ஐந்து பெயர் வரைக்கும், ஒரே ஒரு நடுவர் என்றால், வைப்போவில் 1,500 டொலர். மூன்று நடுவர் என்றால் 4,000. சட்டத்தரணி கூலி வேறு. ஒரு டொலர் 300 ரூபா என்று வைத்தாலும் 1,500 டொலருக்கு நாலரை இலட்சம். 2024இல் நிர்ணயித்த தோட்டச் சம்பளம் நாளைக்கு 1,350 ரூபா, அந்தக் கணக்கில் 333 பேர், அதாவது 333 நாள் கூலி. லீவு போடாமல் ஒரு வருஷம் மலையேறினால் ஜெனீவாவுக்கு ஒரு முறைப்பாடு. வென்றால் பெயர் கைக்கு வரும், அவ்வளவுதான். நட்டஈடு ஒரு சதமும் கிடையாது, கட்டிய கட்டணமும் திரும்பி வராது. பதிவு ஒப்பந்தம் எந்த மொழியிலோ விசாரணையும் பொதுவாக அந்த மொழியில், ஆகவே என் மஞ்சள் பில்லையும் வாட்ஸ்அப்பையும் ஆங்கிலத்தில் மாற்ற இன்னொரு செலவு.

பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் உறைத்தது. ஒன்றரை இலட்சம் என்ற தொகை அவர் வாயில் சும்மா வந்ததில்லை. நியாயம் கேட்கப் போனால் நாலரை இலட்சம், அவரிடம் வாங்கினால் அதில் மூன்றில் ஒரு பங்கு. அவர் இந்தக் கணக்கைத் தெரிந்து போட்டாரோ தெரியாமல் போட்டாரோ, சந்தை அவருக்குப் போட்டுக் கொடுத்துவிட்டது. வைப்போவுக்கு 2023இல் மட்டும் 6,000க்கு மேற்பட்ட வழக்குகள் போயின. அந்த வரிசையில் ஹப்புத்தளைத் தேயிலைக் கடை எத்தனை நிற்கும்?

அந்தச் சேவையை மட்டம் தட்டவில்லை. பெரிய கம்பெனியின் பெயரில் எழுத்தை மாற்றிப் போலித் தளம் திறந்து சனத்தின் கார்ட் நம்பரைத் திருடுகிறவனிடமிருந்து அந்தப் பெயரைப் பறிக்க நீதிமன்றத்தைவிட இது வேகமான வழி. எனக்குப் பிடித்தது, எல்லா முடிவுகளையும் இலவசமாகப் படிக்கலாம். இரண்டு இரவு தூக்கம் கெட்டுப் படித்தேன். அங்கேதான் நியூஸிலாந்து கதை கிடைத்தது. நாட்டின் பெயரிலேயே இருந்த .கொம்மைத் தா என்று நியூஸிலாந்து அரசாங்கம், மகாராணியின் பெயரிலேயே, 2002இல் முறைப்பாடு கொடுத்தது. தோற்றது. தோற்றதோடு நிற்கவில்லை, இந்த விதிமுறையைக் காட்டி மற்றவர் பெயரைப் பறிக்கப் பார்த்தீர்கள் என்று ஒரு குட்டும் வாங்கியது. அப்புறம் என்ன செய்தார்கள்? 2003இல் காசு கொடுத்தே வாங்கினார்கள், ஒரு மில்லியன் நியூஸிலாந்து டொலர்.

மகாராணியே காசு கொடுத்துத்தான் வாங்கினார் என்றால் நான் எம்மாத்திரம். அடுத்த நாள் தம்பிக்கு எடுத்தேன்.

இந்த முறை கோபப்படவில்லை. படித்ததில் கொஞ்சத்தை மெதுவாக எடுத்துவிட்டேன். 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் நியாயமற்ற போட்டி பற்றி இருக்கிறது, என் பெயரைத் தட்டினால் வேறு கடைக்குப் போவது அதற்குள் வரலாம் என்று மிஸ் சொல்கிறார், வழக்கு என்றால் கொழும்பில்தான் பேச வேண்டியிருக்கும், நான் ரயில் ஏறத் தயார், நீங்கள்? அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பின்னால் ஒரு குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. ‘அக்கா, ஒரு நாப்பது தாங்க’ என்றார். முப்பத்தைந்தாயிரத்தில் முடிந்தது. மகனுக்கு இது பிடிக்கவில்லை, கொள்ளைக்காரனுக்குக் கூலியா என்றான். அவன் சொல்வதும் சரிதான். ஆனால் கடை நான் நடத்துகிறேன்.

பெயரை வேறு பதிவு நிறுவனத்துக்கு மாற்ற ஒரு ரகசியக் குறியீடு வேண்டும். அதை அவர் கணினித் திரையைப் போனில் படம் பிடித்து அனுப்பினார். பதினாறு எழுத்து, நடுவில் ஒரு வட்டம். அது சைபரா, ஆங்கில ‘ஓ’வா? இரண்டும் சரிவரவில்லை. பார்த்தால் பிரச்சினை வட்டத்தில் இல்லை, கடைசியில் இருந்த ‘ஒன்று’ உண்மையில் சின்ன ‘எல்’. மூன்றாவது முறை ஏற்றுக்கொண்டது. அதற்குப் பிறகு ஐந்து நாள் காத்திருப்பு, ஆறாம் நாள் காலை என் பெயரில், என் ஈமெயிலில், என் கார்டில். முடிகிற திகதியைக் கலண்டரில் சிவப்பால் வட்டமிட்டேன். தவறவிட்டால் பதிவு நிறுவனம் கொடுக்கிற சலுகை நாட்கள், பிறகு கூடுதல் காசு கட்டி மீட்க 30 நாள், அப்புறம் ஐந்து நாளில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அடகுக் கடையில் நகை மூழ்குகிற மாதிரிதான்.

கூடவே அதே பெயரில் .எல்கே ஒன்றும் எடுத்து வைத்தேன். அதைப் பார்க்கிறவர்கள் எல்கே டொமைன் பதிவகம். அதற்குப் பிணக்கு விதிகளும் வேறு. 2010இல் வந்த ‘.இலங்கை’யில் தமிழிலேயே பெயர் எடுக்கலாம் என்று அப்போதுதான் தெரிந்தது, அப்பாயி பெயரைத் தமிழ் எழுத்தில் தட்டிக் கடைக்கு வருவது எனக்குப் பெரிய ஆசை, அடுத்த சீசனில் பார்க்கலாம். கொழும்பில் வியாபாரக் குறிக்கும் விண்ணப்பம் கொடுத்தாயிற்று.

இப்படிப் பாக்கேஜ் எடுக்கப் போகிறவர்கள் விலையைக் கேட்பதற்கு முன் ‘டொமைன் யார் ஈமெயிலில் பதிவாகும்?’ என்று கேளுங்கள். ‘எங்க அக்கவுண்ட்ல’ என்று வந்தால் எழும்பி வந்துவிடுங்கள், தேநீரைக் குடித்துவிட்டே வரலாம்.

வெப்சைட் இப்போது பழையபடி திறக்கிறது. அடியில் மட்டும் ‘வடிவமைப்பு’ என்று அவர் பெயரும் போன் நம்பரும் இன்னும் இருக்கிறது, அதை எங்கே போய் அழிப்பது என்று எனக்கும் தெரியவில்லை, மகனுக்கும் தெரியவில்லை. போன வாரம் கனடாவிலிருந்து ஒருவர் அந்த நம்பருக்கே எடுத்து ஆறு பக்கற் தேயிலை கேட்டிருக்கிறார். அந்தத் தம்பி என் நம்பரைக் கொடுத்து, ‘அக்காட்ட கேளுங்க, நல்ல தூள்’ என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.